சிசிலியின் பழங்கட்டடங்களை எப்படிப் பார்ப்பது: ஒரே சுவரில் இருக்கும் காலங்களைப் பிரித்தறிதல்

கேள்வி இதுதான்: "ஆறு நாள் சிசிலி போகிறோம். கிரேக்கம், ரோமம், பைசாந்தியம், அரபு, நார்மன் என எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது என்கிறார்கள். எங்கே தொடங்குவது? ஒரு சுவரைப் பார்த்து எது எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பெரும்பாலோர் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, கிரேக்கக் கோயில்கள் வரிசையாக நிற்கும் அக்ரிஜெந்தோவில் தொடங்குவார்கள். என் பரிந்துரை வேறு. சிராக்குசா நகரின் பழைய பகுதியான ஒர்ட்டீஜியாவில் இருக்கும் பேராலயத்தில் தொடங்குங்கள். அந்த ஒரே கட்டடத்தைச் சரியாகப் பார்த்துவிட்டால், தீவின் மற்ற எல்லா இடத்தையும் பார்க்கக் கண் பழகிவிடும். சிசிலியில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப உறுதியாகிறது: அடுத்து வந்தவர்கள் பயன்படுத்திய கட்டடம் நின்றது, பயன்படுத்தாமல் விட்டது கல்குவாரியாகிப் போனது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் "இது எப்படி இடிந்தது?" என்பதோடு "இது ஏன் இடியாமல் நின்றது?" என்றும் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

அதற்குமுன் சில ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொரிந்துவிலிருந்து வந்த கிரேக்கர்கள் சிராக்குசாவை நிறுவியது மரபுக் கணக்கின்படி கி.மு. 734. ரோமர்கள் அதைப் பிடித்தது கி.மு. 212, ஆர்க்கிமிடீஸ் கொல்லப்பட்டது அப்போதுதான். கி.பி. 535இல் பைசாந்தியப் படை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் படை, தீவைக் கைப்பற்றியது. அரபுப் படை 827இல் மேற்குக் கரையில் மசாராவில் இறங்கியது. 831இல் பலேர்மோவும் 878இல் சிராக்குசாவும் அவர்கள் கைக்குப் போயின. வடபிரான்சின் நார்மண்டியைச் சேர்ந்த நார்மன்கள் 1061இல் தொடங்கி 1091இல் முழுத் தீவையும் பிடித்தார்கள். 1282க்குப் பிறகு அரகோன், அதன் வழியாக ஸ்பெயின். கடைசியாக 1693 ஜனவரி 11 நிலநடுக்கம். தென்கிழக்குச் சிசிலியில் இன்று காணும் பரோக் (அலங்காரம் மிகுந்த பிற்கால ஐரோப்பியப் பாணி) முகப்புகள் பெரும்பாலும் அந்த நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்தவை.

இப்போது பேராலயம். உள்ளே போவதற்கு முன் வடக்குப் பக்கத்துத் தெருவான வியா மினெர்வாவுக்குப் போய் நில்லுங்கள். சுவருக்குள் பாதி புதைந்த மாதிரி பருத்த தோரிக் தூண்கள் (அலங்காரம் குறைந்த பழைய கிரேக்கப் பாணி) வரிசையாகத் தெரியும். இது கி.மு. 480இல் ஹிமேராப் போரில் வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜை வென்ற பிறகு சிராக்குசாவின் ஆட்சியாளன் கெலோன் கட்டிய ஏதெனா கோயில். குறுக்கே 6, நெடுக்கே 14 தூண்கள், ஒவ்வொன்றும் எட்டரை மீட்டருக்கு மேல் உயரம். தூண்களுக்கு இடையே இருக்கும் சிறு கற்களாலான சுவர் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கும் மேலே, கோட்டை மதில் போலப் பற்கள் வைத்த மேல்விளிம்பு இடைக்காலத்தைச் சேர்ந்தது. அப்படியே மேற்கே சதுக்கத்துக்குத் திரும்பினால் ஆந்த்ரேயா பால்மா வடிவமைத்து 1728இல் தொடங்கிய பரோக் முகப்பு. நார்மன் கால முகப்பு 1693இல் விழுந்ததால் வந்தது அது. ஐம்பது அடி நடப்பதற்குள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கடந்துவிடுகிறது.

கோயிலைத் தேவாலயமாக்கிய முறையைக் கூர்ந்து கவனியுங்கள். கிரேக்கக் கோயிலில் நடுவில் சுவர் சூழ்ந்த கருவறை, அதைச் சுற்றித் தூண் வரிசையுள்ள திறந்த சுற்று. பலி பீடம் வெளியே. மக்கள் கூடுவதும் வெளியே. கிறிஸ்தவ வழிபாட்டுக்கோ மக்கள் உள்ளே கூட வேண்டும். பைசாந்தியக் கொத்தர்கள் இரண்டு வேலை செய்தார்கள். வெளித்தூண்களுக்கு இடையே இருந்த திறப்புகளைச் சுவர் வைத்து அடைத்தார்கள். கருவறையின் நெடுஞ்சுவர் இரண்டிலும் பக்கத்துக்கு எட்டு வளைவுகளை வெட்டித் திறந்தார்கள். அதோடு திறந்த சுற்று இரண்டு பக்க நடைக்கூடமாகவும், கருவறை நடுக்கூடமாகவும் மாறிவிட்டன. புதிதாகக் கொண்டுவந்த கல் மிகக் குறைவு. நடுக்கூடத்தில் நின்று வளைவுகளின் உள்பக்கத்தைப் பாருங்கள்: வளைவுக் கற்களைத் தனியாகச் செதுக்கி அடுக்கவில்லை, நின்றிருந்த சுவரை அப்படியே குடைந்திருக்கிறார்கள். பெரிய செவ்வகக் கற்களின் கிடைமட்ட இணைப்புக் கோடுகள் வளைவின் விளிம்பில் சட்டென்று அறுந்து நிற்கும். இந்த ஓர் அடையாளத்தைக் கற்றுக்கொண்டால் அக்ரிஜெந்தோவில் வழிகாட்டி தேவையில்லை.

இன்னொன்று திசை. கிரேக்கக் கோயிலின் வாசல் கிழக்கே. தேவாலயத்தில் பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே. ஆகவே கட்டடம் பயன்பாட்டில் முன்பின்னாகத் திரும்பிவிட்டது. இன்று நீங்கள் நுழையும் முன்வாசல் பழைய கோயிலின் பின்புறம். நுழைந்ததும் இருபுறமும் நிற்கும் இரண்டு தூண்கள் கோயிலின் பின்மண்டபத்துத் தூண்கள். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தால் இது உடனே பிடிபடும். எந்தக் கோயில் இடிபாட்டுக்குப் போனாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

பிறகு பக்கக் கூடங்களில் நடந்து தூண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். அவை நிலநடுக்கங்களில் நகர்ந்தவை. இடையில் வைத்த சுவர் பிடித்திருப்பதால்தான் நிற்கின்றன. மதம் மாறியதால் அழிந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே மாற்றிக் கட்டிய சுவர்தான் தூணைக் காப்பாற்றியிருக்கிறது. அரபு ஆட்சியில் இது பள்ளிவாசலாகவும் இருந்தது, நார்மன்கள் வந்ததும் மறுபடி தேவாலயம். ஞானஸ்நானத் தொட்டியைத் தவறவிடாதீர்கள்: கிரேக்கப் பளிங்குக் கலம் ஒன்றை இடைக்கால வெண்கலச் சிங்கங்கள் தாங்குகின்றன.

இங்கே வழக்கமாக நேரும் சிக்கல்: வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். காலையில் திறந்தவுடன் போவது நல்லது. வடக்குச் சுவரை மட்டும் கோடை மாலையில் மறுபடி வந்து பாருங்கள். சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் தூணின் குழிவரிகளும் உளித் தடங்களும் கண்ணுக்குத் தெரியும். நடுப்பகலில் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும்.

பேராலயத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒர்ட்டீஜியாவின் பாலத்துக்கு அருகே அப்பொல்லோ கோயில். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சிசிலியில் கல்லால் எழுந்த தோரிக் கோயில்களில் மிகப் பழையது. பலர் இரண்டு தூணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், பாவம். இங்கே தூண்கள் ஒரே கல்லில் வெட்டியவை, ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக நிற்கின்றன. மரத்தில் கட்டிப் பழகியவர்கள் கல்லுக்கு மாறிய புதிதில், கல் உத்தரம் எவ்வளவு இடைவெளியைத் தாங்கும் என்று நம்பிக்கை வராத காலம் அது. நூறு ஆண்டுக்குப் பிறகு வந்த ஏதெனா கோயிலோடு ஒப்பிட்டால் கட்டுமானத் துணிச்சல் எப்படி வளர்ந்தது என்று தெரியும். கிழக்குப் படியில் அப்பொல்லோவின் பெயரோடு கிரேக்க எழுத்துப் பொறிப்பு இருக்கிறது. வேலிக்கு வெளியிலிருந்து தேட வேண்டும். இதுவும் பைசாந்தியத் தேவாலயம், பள்ளிவாசல், நார்மன் தேவாலயம், ஸ்பானியப் படைமுகாம் என்று மாறி மாறிப் பயன்பட்டதுதான்.

நேரமிருந்தால் ஜூதெக்கா பகுதியில் தரைக்குக் கீழே ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும் யூதச் சடங்குக் குளியல் குளத்துக்கு இறங்குங்கள். 1492 ஆணையால் யூதர்கள் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குளம் மண்ணால் மூடப்பட்டுக் கிடந்து, மேலே இருந்த வீட்டைப் புதுப்பிக்கும்போது வெளிப்பட்டது. குறித்த நேரத்தில் குழுவாக மட்டுமே கூட்டிப் போவார்கள். படிகள் செங்குத்து, ஈரம்.

இரண்டாம் நாள் நெயாப்போலிஸ் தொல்லியல் பூங்கா. முதலில் சிராக்குசா அரசர் இரண்டாம் ஹியெரோனின் பலிபீடத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 198 மீட்டர் நீளமுள்ள பாறை அடித்தளம் மட்டும்தான் மிச்சம். மேலே இருந்த கற்கள் எங்கே? 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஒர்ட்டீஜியாவைச் சுற்றி அரண் கட்டியபோது எடுத்துப் போனார்கள். பக்கத்திலிருக்கும் கிரேக்க அரங்கத்தின் மேடைக் கட்டடமும் மேல்வரிசைகளும் அதே வழியில் போயின. இருக்கைகளின் பெரும்பகுதி தப்பியதற்குக் காரணம் எளிது: அவை மலைப்பாறையிலேயே வெட்டியவை, பெயர்த்துத் தூக்க முடியாது. அரங்கத்தின் குறுக்கு நடைபாதைச் சுவரில் ஹியெரோன், அவர் மனைவி பிலிஸ்திஸ் ஆகியோரின் பெயர்கள் கிரேக்க எழுத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் நீராலைகளும் ஓடின. அரங்கத்துக்கு மேலே நிற்கும் சிறு வீடு ஆலைக்காரர்களுடையது. வழிகாட்டிகள் அதைச் சொல்லாமலேயே போய்விடுவார்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: 1914 முதல் இங்கே பழங்கிரேக்க நாடகங்கள் நடிக்கப்படுகின்றன. இப்போது மே முதல் ஜூலை தொடக்கம் வரை, நாடகப் பருவத்துக்காக, கல் இருக்கைகளின் மேல் பலகை அடித்துவிடுவார்கள். நாடகம் பார்க்க வேண்டுமென்றால் அது அருமையான காலம். கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல், அக்டோபர்.

கீழே இருக்கும் கல்குவாரிகளில் 'தியோனிசியஸின் காது' என்று புகழ்பெற்ற குகை 23 மீட்டர் உயரம், 65 மீட்டர் ஆழம். அந்தப் பெயர் ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வந்தபோது வைத்தது. சிராக்குசாவின் கொடுங்கோலன் தியோனிசியஸ் அங்கே நின்று கைதிகளின் பேச்சை ஒட்டுக்கேட்டான் என்ற கதைக்குச் சான்று இல்லை. சிராக்குசாவின் குவாரிகளைப் பற்றிச் சான்றுள்ள வரலாறு அதைவிடக் கனமானது. கி.மு. 413இல் தோற்ற ஏதென்ஸ் படையின் கைதிகள் ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள் என்று பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு 'கோட்டிலே' (கிரேக்க முகத்தல் அளவை) தண்ணீர், இரண்டு 'கோட்டிலே' தானியம். ஒரு கோட்டிலே என்பது ஏறக்குறைய கால் லிட்டர். அந்தக் குழியில் மதிய வெயிலில் நின்று இந்த அளவை நினைத்துப் பார்த்தால் போதும்.

கல்லில் காலத்தைப் பிரிக்க நான்கைந்து அடையாளங்கள் போதும். கிரேக்கச் சுவரில் பெரிய செவ்வகக் கற்கள், இடையில் சாந்து இருக்காது. கற்களை இரும்புக் கவ்வியால் பிணைத்து ஈயம் ஊற்றினார்கள். பிற்காலத்தவர்கள் அந்த உலோகத்துக்காக இணைப்புகளைக் குடைந்ததால் பல இடங்களில் முரட்டு ஓட்டைகள். அதைப் பீரங்கிக் குண்டு என்று நினைக்காதீர்கள். ரோமர் காலம் என்றால் செங்கல், சாந்து, கான்கிரீட். பைசாந்திய அடைப்புச் சுவரில் பழைய கற்களே சிறிதும் பெரிதுமாகக் கலந்து, தடித்த சாந்தோடு. ஒரு தூணின் மேல் அதற்குப் பொருந்தாத அளவில் தலைப்பகுதி உட்கார்ந்திருந்தால் வேறெங்கிருந்தோ கொண்டுவந்தது. சாந்தின் நிறம் மாறும் இடத்தில் கட்டியவர் கை மாறியிருக்கிறது. ஒரு சுவரோடு இன்னொன்றை ஒட்டிக் கட்டியிருந்தால் ஒட்டியது பிந்தியது, வெட்டியது வெட்டுண்டதற்குப் பிந்தியது. இந்த விதி பெரும்பாலும் பொய்க்காது. இருபதாம் நூற்றாண்டுச் சீரமைப்பில் சிமெண்ட் வைத்துத் தூக்கி நிறுத்தியவற்றையும் கவனிக்க வேண்டும். செலினுந்தே என்ற கிரேக்க நகர இடிபாட்டில் 'E' என்ற எழுத்தால் குறிக்கப்படும் கோயில் 1950களில் மறுபடி எழுப்பப்பட்டது. பழைய கல் எது, நிரப்பிய பகுதி எது என்று அருகில் போனால் வேறுபாடு தெரியும்.

மூன்றாம் நாள் காரில் கிளம்பி, வழியில் பியாட்சா அர்மெரினாவுக்கு அருகே உள்ள காசாலே மாளிகை. கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமச் செல்வர் ஒருவரின் மாளிகைத் தரை முழுவதும் நிறக்கல் பதிப்பு ஓவியம். 12ஆம் நூற்றாண்டில் மண்சரிவு மூடியதால்தான் பிழைத்தது. நீச்சலுடை போன்ற உடையில் விளையாடும் பத்துப் பெண்களின் அறையில் எல்லோரும் பெண்களைப் படம் எடுப்பார்கள். நீங்கள் அறையின் மூலையைப் பாருங்கள். அங்கே மேல்தளம் பெயர்ந்து, கீழே முந்தைய தரையின் வடிவக்கோலம் தெரிகிறது. உரிமையாளர்கள் பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புதிய தரையைப் பதித்திருக்கிறார்கள்.

அன்று இரவு அக்ரிஜெந்தோ; மறுநாள் முழுவதும் கோயில் பள்ளத்தாக்கு. கிழக்கே மேட்டில் இருக்கும் ஹேரா கோயில் வாயிலில் நுழைந்து மேற்கே இறங்கி நடந்தால் கால் களைக்காது. காரை ஒரு முனையில் விட்டு, மறுமுனையிலிருந்து திரும்ப வண்டி கிடைக்கும். ஹேரா கோயிலின் கற்களில் சில செந்நிறமாக இருப்பது கி.மு. 406இல் கார்த்தேஜ் படை மூட்டிய தீயால் என்று கருதப்படுகிறது. அடுத்து வரும் கன்கோர்தியா கோயில் ஏன் இவ்வளவு முழுமையாக நிற்கிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். கருவறைச் சுவரில் பக்கத்துக்கு ஆறு வளைவுகள் குடைந்திருப்பது வேலிக்கு வெளியிலிருந்தே தெரியும். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயர் கிரகோரி அதைத் தேவாலயமாக்கினார். 18ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தை நீக்கி, தூண்களிடையே இருந்த அடைப்புச் சுவர்களை எடுத்துவிட்டார்கள். வளைவுகளை மட்டும் மூட முடியவில்லை. 'கன்கோர்தியா' என்ற பெயருக்கும் கோயிலுக்கும் தொடர்பில்லை. அருகே கிடைத்த லத்தீன் கல்வெட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது.

அதன் கதைக்கு நேர் எதிர் ஒலிம்பிய ஸீயஸ் கோயில். ஏறக்குறைய 112 மீட்டர் நீளம், 56 மீட்டர் அகலம்; தோரிக் கோயில்களிலேயே பெரியது. முடிக்கப்படவில்லை, யாரும் பின்னர் பயன்படுத்தவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் போர்த்தோ எம்பெதோக்ளே துறைமுகத்தின் அலைதடுப்புக்கு இதன் கற்கள் போயின. குவியலில் கிடக்கும் கற்களின் முனைகளில் 'ப' வடிவில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். தூக்கும்போது கயிறு ஓட வெட்டியவை. விரல் நுழைத்துப் பார்க்கும் அளவுக்குத் தெளிவு, ஆனால் கை வைக்காதீர்கள். அந்தக் கல் சிப்பிகள் நிறைந்த மணற்சுண்ணக்கல், தொட்டாலே உதிரும். கட்டிய காலத்தில் அதன் மேல் வெள்ளைச் சுதை பூசி வண்ணமும் தீட்டியிருந்தார்கள். இன்று நாம் ரசிக்கும் தேன் நிறத்தை அன்றைய கிரேக்கர்கள் பார்த்ததே இல்லை.

ஐந்தாம் நாள் செலினுந்தே, செஜெஸ்டா, பிறகு பலேர்மோ. இரண்டில் செஜெஸ்டாவுக்கு அதிக நேரம் கொடுங்கள். மேற்குச் சிசிலியின் பழங்குடிகளான எலிமியர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய கோயில் பாதியில் நின்றது. பாதியில் நின்றதால் வேலை நடந்த வரிசை அப்படியே தெரிகிறது. படிக் கற்களில் தூக்குவதற்காக விட்ட கல்முண்டுகள் இன்னும் செதுக்கப்படாமல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தூண்களில் குழிவரி இல்லை, ஏனென்றால் தூணை நிறுத்திய பிறகே கடைசியில் குழிவரி செதுக்குவார்கள். முன்பே செதுக்கினால் ஏற்றும்போது விளிம்பு உடையும். எதிர் மலையுச்சியில் அரங்கத்துக்கு அருகே பள்ளிவாசல், நார்மன் காலக் கோட்டை, தேவாலயம் ஆகியவற்றின் அடித்தளங்கள் உள்ளன. ஏற்றத்துக்குப் பேருந்து ஓடுகிறது, வெயிலில் நடக்க வேண்டாம். செலினுந்தே போனால் கூசா குவாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கி.மு. 409இல் கார்த்தேஜ் படை செலினுந்தே நகரை அழித்தபோது வேலை நின்று, தூண் உருளைகள் பாதி வெட்டிய நிலையில் பாறையோடு ஒட்டியே நிற்கின்றன.

பலேர்மோவில் அரச மாளிகையின் பலத்தீனா சிற்றாலயம். 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் கட்டியது. தரைத் திட்டம் லத்தீன் முறை, சுவரில் பைசாந்திய நிறக்கல் ஓவியங்கள், கூரையில் தேன்கூடு போன்ற அரபு மரவேலை. இங்கே அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. மூன்று மரபுக் கலைஞர்களும் ஒரே அரசனிடம் ஒரே காலத்தில் வேலை பார்த்தார்கள். கூரை ஓவியங்களில் இசைக்கலைஞர்களும் சதுரங்கம் ஆடுபவர்களும் உண்டு, சிறு இருநோக்கி இல்லாமல் தெரியாது. பலேர்மோ பேராலயத்தின் தெற்கு முகமண்டபத்தில் ஒரு தூணில் குர்ஆன் வசனம் பொறித்திருக்கிறது. ஸீசா மாளிகையில் 12ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்று: கிரிசாந்தோ என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் தன் தன் ஆண்டுக் கணக்கில் தேதி சொல்கிறது. நார்மன் சிசிலியைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பொருள் எனக்குத் தெரியவில்லை.

பயணத்தில் பிசகும் இடங்கள் சில. ஒர்ட்டீஜியாவுக்குள்ளும் பலேர்மோவின் பழைய நகரிலும் கட்டுப்படுத்தப்பட்ட வாகனப் பகுதிகள் உண்டு. ஜிபிஎஸ் சொல்கிறதென்று நுழைந்தால் கேமரா படம் எடுத்து, மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதம் வரும். காரை ஒர்ட்டீஜியாவில் தலேத்தே நிறுத்துமிடத்தில் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு நாளும் கார் தேவையே இல்லை. கத்தானியா விமான நிலையத்திலிருந்து பேருந்திலேயே சிராக்குசா வந்து, மூன்றாம் நாள் காலை காரை எடுத்தால் போதும். ஜூலை, ஆகஸ்டில் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை திறந்தவெளிகளைத் தவிர்த்து, அந்த நேரத்தைச் சிராக்குசாவின் பாவ்லோ ஓர்சி அருங்காட்சியகம் போன்ற கூரையுள்ள இடங்களுக்கு ஒதுக்குங்கள். பலத்தீனா சிற்றாலயம் ஞாயிறு காலை வழிபாட்டுக்காக மூடும். அதே மாளிகையில் சிசிலிப் பேரவை (தீவின் சட்டமன்றம்) கூடும் நாள்களில் மாளிகையின் அரச அறைகளையும் பார்க்க விடமாட்டார்கள். எனவே பலேர்மோ நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழாதபடி விமானச்சீட்டை எடுங்கள்.

ஆறு நாள் நான்காகச் சுருங்கினால் செலினுந்தேயையும் காசாலே மாளிகையையும் விடலாம். சிராக்குசாவின் இரண்டு நாளை மட்டும் குறைக்காதீர்கள்.